கிட்டாரின் பத்தர்

நம் கல்லூரி இசைக் கழகத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் இவ்வாண்டு மின்சாரக் கிட்டார் ஒன்றையும், அதனோடு இயைந்த ஆம்ப்ளிஃபையர்ப் பெட்டி ஒன்றையும் நன்கொடையாக அளித்தார். கிட்டாரைக் கையிலெடுத்து வியந்தோர் பலர். பெட்டியைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். கூட்டங்களிற் பேசுவோர்க்குத் துணைசெய்யும் ஒலிபெருக்கிகளுள் இதுவும் ஒன்றென்றே பெரும்பாலோர் கொண்டனர். அது பொருந்தாக் கொள்கை என்பதும், அதனால் நம் இசை மாணவர்க்கு விளைந்துவரும் தீங்கு சிறிதன்று என்பதும் எம் கருத்து.

ஒலிபெருக்கி என்னுஞ் சொல்லே இம்மயக்கத்திற்குக் காரணமாகும். முன்னரே நிறைவுற்றிருக்கும் ஓர் ஒலியை வாங்கிப் பலர்க்குங் கேட்குமாறு பெரிதாக்கித் தருவது என்பதே அச்சொல் உணர்த்தும் பொருள். மேடைப் பேச்சிற்கு அது முற்றும் பொருந்தும்; பெருக்கி இல்லாவிடத்தும் பேசுவோர் குரல் அவர் குரலேயாம். மின்சாரக் கிட்டாரின் நிலை அத்தகையதன்று. அதனைத் தனியே மீட்டிப் பார்ப்போர் கொசுவின் ரீங்காரம் போன்றதொரு மெல்லொலியன்றி வேறொன்றுங் கேளார். பழைய மரக்கிட்டாருக்கு உள்ளீடற்ற வயிறு உண்டு. நரம்பின் அசைவை ஏற்று அதிர்ந்து முழங்குவது அவ்வயிறே. இதற்கோ வயிறில்லை, உள்ளது கெட்டிப் பலகை. அப்பலகையிற் பதித்த காந்தமும், அதனைச் சூழ ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் நரம்பின் அசைவை நுண்ணிய மின்னோட்டமாக மாற்றி வடத்தின் வழியே அனுப்புகின்றன. ஒலி பிறப்பது பெட்டியில்.

தமிழ் பயில்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழினைப் புனைந்துரைக்கப் புகுந்தபோது முதற்கண் எடுத்துக்கொண்டது நரம்பையன்று, பத்தலையே. மானின் குளம்பு பதிந்த சுவட்டினை அதற்கு உவமையாகவும் காட்டினார். பத்தர் என்றும் வழங்கும் அவ்வுறுப்பு இல்லையேல் நரம்பும் கோடும் இருந்தும் யாழில்லை. வீணைக்குக் குடம் எத்தகையதோ யாழிற்குப் பத்தர் அத்தகையது. மின்சாரக் கிட்டாரை ஆக்கினோர் பத்தரைக் கருவியினின்றும் பிரித்து ஆறடிக்கு அப்பால் வைத்தனர், அவ்வளவே. ஆகவே நமக்கு வந்த பெட்டியை ஒலிபெருக்கி என்பதினும் கிட்டாரின் பத்தர் என்பதே தகும். அகராதி தொகுப்போர் இதனை ஏற்பரோ, நகைப்பரோ, அறியோம்.

இக்கருவியின் வரலாறும் இதற்குச் சான்று. தொடக்கத்தில் இது வெறும் பெருக்கியாகவே கருதப்பட்டது உண்மை. 1930-களில் அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகருவிகளின் முழக்கத்திடையே கிட்டார் கேளாதொழிந்தமையாலன்றோ மின்சாரத்தின் துணை நாடப்பட்டது! அக்காலத்துப் பெட்டிகளில் ஒலியை வளர்த்தவை கண்ணாடி வால்வுகள். அளவுக்கு மேல் அவற்றை வருத்தினால் ஒலி உடைந்து கரகரக்கும். பொறியாளர் அதனைக் குற்றமென்று விலக்க முயன்றனர். வாசிப்போரோ அக்குற்றத்தையே நாடிச் சென்றனர். 1958-இல் வெளிவந்த 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டிற்காக லிங்க் ரே என்பவர் தம் பெட்டியின் ஸ்பீக்கர்க் காகிதத்தைப் பென்சிலாற் குத்தித் துளைத்தார். 1964-இல் இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் சிறு பெட்டியின் ஸ்பீக்கரைச் சவரத் தகட்டாற் கீறினார். மேடை ஒலிபெருக்கியைக் கீறி எவரேனும் ஒரு சொற்பொழிவைச் சிறப்பித்ததுண்டோ?

நமக்கு வந்துள்ளது ஜப்பானிய நிறுவனமாகிய பாஸ் 2019-இல் வெளியிட்ட கட்டானா வரிசையின் இரண்டாம் பதிப்பைச் சேர்ந்தது. கட்டானா என்பது அந்நாட்டு வாளின் பெயர். பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் ஒன்று. எடை ஏறத்தாழ 12 கிலோ. ஒருவர் தூக்கிச் செல்லலாம். வால்வு ஒன்றேனும் இதனுள் இல்லை. வால்வுப் பெட்டிகள் ஒலியை எங்ஙனம் திரிக்கும் என்பதைக் கணித்து அங்ஙனமே திரித்துத் தரும் மின்னணுச் சில்லுகளே உள்ளன. முந்தையோர் விலக்க முயன்ற குற்றத்தைப் பிந்தையோர் கணிதத்தால் மீட்டனர் என்க. அக்கூஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரௌன் என்னும் ஐந்து குரல்கள் ஒரே குமிழில் அடங்கியுள்ளன.

எமக்கு முதலில் வியப்பளித்தது உரப்பன்று. விரலுக்கு அப்பெட்டி காட்டும் மதிப்பே. கிரஞ்சுக் குரலில் நரம்பை மெல்ல வருடினால் ஒலி தெளிந்து நிற்கின்றது. குமிழ் எதனையும் தொடாமல் சற்றே அழுத்தி மீட்டினால், தொண்டை கட்டியவன் உரத்துப் பேசுவது போலக் கரகரக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள படிகள் எத்தனையோ! மற்றொன்றுங் கண்டோம். கிட்டாரைப் பெட்டியின் முகத்தருகே பிடித்து ஒலியை உயர்த்தினால், ஸ்பீக்கரின் ஒலியே நரம்பை அசைக்க, நரம்பு மீட்டாமலே தொடர்ந்து பாடுகின்றது. ஒலிபெருக்கி வைப்போர் இதனை ஊளை என்று வெறுப்பர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1960-களில் இதனைத் தம் இசைக்கு ஓர் உறுப்பாக்கிக் கொண்டார். பிரித்து வைத்த பத்தர் தன் நரம்பைத் தேடி வந்து சேர்ந்தது போல எமக்குத் தோன்றிற்று.

பிரௌன் குரலை யாம் அத்துணை மெச்சவில்லை. மாணவர் முதலில் திருப்புவது அதனையே. மெல்ல மீட்டினும் வலிந்து மீட்டினும் ஒரே தடிப்பாக ஒலித்தலாற் கற்போனது விரற்குற்றம் மறைகின்றது, மறைவதனாலேயே திருந்தாதொழிகின்றது. எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் குமிழும் நமக்கு வேண்டுவதன்று. உயர்ந்த கூரையுடைய நம் மண்டபத்தில் எதிரொலிக்குப் பஞ்சமா? ஆண்டு விழாவன்று நண்பர் சிலர் பெட்டியை 50 வாட்டில் நிறுத்தி, ரிவெர்ப்பையும் நிறையத் திருப்பி வாசித்தபோது, பாடிய மாணவியின் சொற்களில் வல்லினமும் மெல்லினமும் வேறுபாடின்றிக் கரைந்துபோயின. தமிழ்ப் பாட்டென்று அறிந்தோம், எப்பாட்டென்று அறிந்திலோம். முன்வரிசையிலிருந்த ஆசிரியர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மறுநாளே பெட்டி சாமான் அறையிற் பூட்டப்பட்டது.

இப்பூட்டே எம் முறையீட்டின் பொருள். கிட்டார் மட்டும் மாணவர்க்கு வாரந்தோறும் இரவல் தரப்படுகின்றது. பெட்டி விழா நாளன்றி வெளிவருவதில்லை. யாழின் கோட்டை ஒருவன் கையிற் கொடுத்துப் பத்தரைப் பேழையில் வைத்துப் பூட்டினாற்போலாம் இது. பெட்டியின்றிப் பழகுவோன், கேளாத நரம்பைத் தன் காதிற்குக் கேட்பிக்க வேண்டி ஓங்கி அடித்தே பழகுகின்றான். மெல்ல வருடுதற்குரிய படிகளை அவன் அறிதற்கு வழியேயில்லை. அக்கையை விழா நாளிற் பெட்டியோடு சேர்த்தால் முழக்கமன்றி வேறென்ன எழும்? உரத்த ஒலிக்கு அஞ்சிப் பூட்டுகின்றனர். பூட்டியதனாலேயே ஒலி உரக்கின்றது.

அவ்வச்சத்திற்கு மருந்தும் பெட்டியிலேயே உண்டு. அதன் ஆற்றலை 50 வாட், 25 வாட், 0.5 வாட் என மூன்று படிகளில் நிறுத்தலாம். முதற்படியினின்று இரண்டாவதற்கு இறங்கினாற் செவிக்குத் தோன்றும் வேறுபாடு சிறிதே. மூன்றாவதில் ஆற்றல் நூறில் ஒரு பங்கு; செவிக்கோ அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக ஒலிக்கும். அதற்கு மேலும் தணிக்க மாஸ்டர் குமிழ் இருக்கின்றது. கரகரப்பை அளிக்கும் கெயின் குமிழ் வேறாக இருத்தலால், ஒலி தணிந்தும் குரலின் தன்மை பெரிதும் மாறாது. ஹெட்ஃபோன் செருகினால் ஸ்பீக்கர் முற்றும் வாய்மூடும். விடுதியில் உறங்குவோர்க்கும் இடையூறில்லை.

ஆதலின் பெட்டியைக் கிட்டாரோடு பயிற்சி அறையில் வைத்து, 0.5 வாட்டைக் கடவாமல் வாசிக்கும் உறுதியோடு, பதிவேட்டிற் கையொப்பமிடுவார்க்கு மாலையில் ஒரு மணி நேரம் இரண்டையும் தருமாறு இசைக் கழகத்தாரை வேண்டுகின்றோம். அவ்வறையின் மின்துளைக்கு எர்த்து இணைப்பு உண்டா என்பதை மட்டும் மின்பணியாளர் ஒருவர் முன்னதாகச் சோதித்தல் வேண்டும். கிட்டாரின் நரம்புகள் எர்த்தோடு இணைந்திருப்பவை; அவ்விணைப்பில்லாத மைக் ஒன்றைத் தொட்டே லெஸ்லி ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர் 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரில் மேடையிலேயே உயிர்நீத்தார். சோதனைக்குக் கால்மணி நேரம் போதும்.