பேசாப் படம் கற்பிக்கும் ஓவியம்



திருச்சியில் இரயில்வே வரைவாளராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, இயேசு நாதரின் வரலாற்றை ஊமைப்படமாக ஊர்தோறும் காட்டினார். பேச்சில்லாத அப்படங்களில் முகமே மொழி.

ஓவியம் பயிலும் பிள்ளைகளுக்கு அவை நல்ல பள்ளிக்கூடம். டிரையர் 1928-இல் அளித்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்னும் படத்தில், ஒப்பனையற்ற முகங்களே திரையை நிறைக்கின்றன. 1925-இல் வெளிவந்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் அலறும் தாதியை, பிரான்சிஸ் பேக்கன் 1957-இல் ஓவியமாக்கினார். படிக்கட்டையும் கூட்டத்தையும் விடுத்து, அப்பெண்ணையும் அவளது அலறலையுமே தீட்டினார்.

உங்கள் பிள்ளையும் இவ்வாறு செய்யலாம். ஒரு காட்சியை மும்முறை நோக்கட்டும். பின் படத்தை அணைத்துவிட்டு, நெஞ்சில் நின்றதை மட்டும் வரையட்டும். திரையை நிறுத்திவைத்து வரைவது நகல். நினைவிலிருந்து வரைவதே ஓவியம்.

தவக்காலத்தில் சாந்தோம் பேராலயத்தில் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் முழந்தாளிடுகிறோம். வெரோணிக்காள் படம் எழுதச் செல்லவில்லை. துயருற்ற முகத்தைத் துடைக்கச் சென்றாள். அம்முகம் அவள் துகிலில் பதிந்தது என்பது மரபு.

மயிலை மாடவீதியிலும் தியாகராய நகர்க் கடைத்தெருவிலும் அடையாற்றுப் பேருந்து நிறுத்தத்திலும் வாய்திறவாத துயர முகங்கள் நம்மைக் கடந்து செல்கின்றன. திரையில் ஒரு முகத்தை உற்றுநோக்கப் பழகிய பிள்ளை, தெருவில் அம்முகத்தைக் காணும்போது விலகிச் செல்லாதிருக்கட்டும். தூரிகை தரும் மேலான பயன் அதுவே.