காருக்கு ஞாயிறு, கடைக்கு ரயில்

என் வீட்டு ஷெட்டில் ஒரு அம்பாசிடர் நிற்கிறது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் உள்ள பழைய வண்டி. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் பிறந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன கார். யார் பானெட்டைத் திறந்தாலும் எட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது.

இப்படிப்பட்ட நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் மண்டிக்குப் பாசஞ்சர் ரயிலில் போவதைப் பார்த்து, "வியாபாரம் டல்லா, முதலாளி?" என்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு அனுப்பிவிட்டு இரவு பதினொரு மணிக்கு நானே ஓட்டி வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் கண் அசந்துவிட்டது. விழித்தபோது வண்டி நடுத்திட்டை உரசிக்கொண்டிருந்தது. பின்னால் லாரி வராதது யார் செய்த புண்ணியமோ! பகலெல்லாம் தராசும் பேரேடுமாக நின்ற உடம்பு அது. சரக்கு லாரிக்கு மாற்று டிரைவர் தேடும் வணிகப் பெருமக்கள், தங்கள் விஷயத்தில் மட்டும் இதை யோசிப்பதில்லை.

ரயிலில் முண்டியம்பாக்கம் வருவதற்குள் பாக்கிப் பட்டியலைப் பார்த்துவிடுவேன். பேரணி, மயிலம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரரிடம் மணிலா, உளுந்து விலை தெரிந்துவிடும். காரில் தனியாகப் போனால் இது கிடைக்குமா? திரும்பும்போது ரயில் தவறினால் பஸ் இருக்கிறது. ஊருக்குள் வருமா, பைபாஸிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டு ஏறுங்கள். நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பேரனை ஏற்றிக்கொண்டு செஞ்சிக் கோட்டை வரை அம்பாசிடரை நிதானமாக ஓட்டுவேன். விளக்கு வைப்பதற்குள் வண்டி ஷெட்டுக்கு வந்துவிடும்.