புதிய பதிப்பும் பழகிய கையும்

இசைக் கலைஞனுக்குக் குரலும் விரலும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று ஒரு கணிப்பொறியும், ஓர் ஒலிவாங்கியும், ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றும் கிடைத்துவிட்டால் விடுதி அறையே பதிவுக்கூடமாகிவிடுகிறது. ஆண்டுவிழா நாடகத்தின் பின்னணி இசை முதல், களப்பணியில் திரட்டும் நாட்டுப்பாடல்கள் வரை அனைத்தும் அதிலேதான் உருவாகின்றன. அந்த மென்பொருள் ஒருநாள் முற்றிலும் புதுக்கோலம் பூண்டு வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். மற்றொரு சாரார் ஆலத்தி எடுத்து வரவேற்கின்றனர். இவ்விரு சாராரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. மென்பொருள் மாறும்போது, அதனுள் நாம் சேர்த்து வைத்த ஒலி என்ன ஆகிறது என்பதே அது.

மாற்றம் என்பது ஒலிப்பதிவுத் துறைக்குப் புதிதன்று. தொடக்க காலத்தில் பாடகர்கள் பெரிய புனல் ஒன்றின் வாயருகே நின்று உரத்த குரலில் பாடினர். 1925ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. புனலின் இடத்தில் ஒலிவாங்கி அமர்ந்தது. மென்குரலுக்கும் இசைத்தட்டில் இடம் கிடைத்தது. மூன்று நிமிடத் தட்டுக்குள் இராகத்தைச் சுருக்கிப் பாடப் பழகியவர்களுக்கு, 1948இல் வந்த நீண்டநேர இசைத்தட்டு ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்துக்கும் மேலாக வழங்கியது. பின்னர் நாடா வந்தது. அதன்பின் கணிப்பொறி வந்தது. ஒவ்வொரு முறையும் பழகிய கை தடுமாறியது, பிறகு தெளிந்தது. ஆகவே மாற்றத்தைக் கண்டு மட்டும் நாம் மருள வேண்டியதில்லை.

நம்மைப் போன்ற மாணவர்கள் நன்கு அறிந்த ஒரு மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு டொமினிக் மாசோனி, ராஜர் டானன்பர்க் ஆகிய இருவரால் தொடங்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது 'ஆடாசிட்டி'. விலையின்றிக் கிடைப்பது, அதன் மூலநிரலும் எவரும் காணும்படி திறந்திருப்பது. பணம் கட்டிப் பெரிய மென்பொருள்களை வாங்க இயலாத மாணவனுக்கு இது ஒரு வரப்பிரசாதம் எனலாம். இருபது ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே முகத்தோடு விளங்கிய இம்மென்பொருள், 2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 3.0 பதிப்பாக வெளிவந்தபோது தன் அடித்தளத்தையே மாற்றிக்கொண்டது.

பழைய பதிப்பில் ஒரு பணியைச் சேமித்தால் 'ஏ.யு.பி.' என்னும் சிறு கோப்பு ஒன்றும், அதனருகே ஓர் உறையும் தோன்றும். ஒலி முழுவதும் சின்னஞ்சிறு துண்டுகளாக அந்த உறைக்குள்தான் இருக்கும். சிறு கோப்பை மட்டும் நண்பனுக்கு அனுப்பிவிட்டு உறையை விட்டுவிட்டால், அவனுக்குப் போய்ச் சேர்வது ஒலியற்ற வெற்றுக்கூடே. புதிய பதிப்பு இந்த இடரைக் களைந்தது. 'ஏ.யு.பி.3' என்ற ஒரே கோப்புக்குள் அனைத்தும் அடங்கின. நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. பழைய பணிகளைப் புதிய பதிப்பு திறந்துகொள்ளும். புதிய பணியைப் பழைய பதிப்பு திறவாது. ஒரே பாட்டில் இருவர் சேர்ந்து உழைக்கும்போது ஒருவர் மட்டும் புதிய பதிப்புக்கு மாறினால், மற்றவர் வாயிலிலேயே நிற்க நேரிடும். மேலும், நம்மிடமுள்ள விரலிகள் பல 'ஃபேட்32' முறையில் அமைந்தவை. அவற்றில் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக்கோப்பை வைக்க இயலாது. எட்டு ஒற்றைத் தடங்களில் 50 நிமிடம் பதிவு செய்தாலே ஒரு கோப்பு அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும்.

அடித்தளம் மாறியதைத் தொடர்ந்து மேல்தோற்றமும் மாறியது. ஒலித்துண்டை முன்பின் நகர்த்துவதற்கென இருந்த தனிக்கருவி, அதே ஆண்டு வந்த 3.1 பதிப்பில் நீக்கப்பட்டது. துண்டின் தலைப்பட்டையைப் பிடித்து இழுப்பதே புதிய முறையாயிற்று. துண்டின் ஓரத்தை இழுத்துச் சுருக்கினால் அப்பகுதி அழிவதில்லை, மறைந்து நிற்கிறது, வேண்டும்போது மீட்டுக்கொள்ளலாம். 2022இல் வந்த 3.2 பதிப்பிலோ, எதிரொலி முதலிய ஒலி வண்ணங்களைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டியும் குறைத்தும் கேட்கும் வசதி சேர்ந்தது. முன்பெல்லாம் வண்ணத்தை ஏற்றி, கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் பின்வாங்கி, மீண்டும் ஏற்ற வேண்டும். அந்த அலைச்சல் தீர்ந்தது.

இவ்வளவு நன்மை இருந்தும் சிலர் ஏன் முணுமுணுக்கின்றனர்? அவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடுதல் அறியாமை. கை அறிந்த அறிவும் அறிவே. வீணையின் 24 மெட்டுகளுள் இரண்டை ஓர் இரவில் இடம்மாற்றி வைத்துவிட்டு, "இதுவே வசதியானது, பழகிக்கொள்" என்று கூறினால் வைணிகர் என்ன சொல்வார்? பல மாதங்கள் பழகிப் பெற்ற விரைவை ஒரே நாளில் இழப்பவனின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் வீணைக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீணையில் விரல் பழகுவது இசையையே பழகுவதாகும். மென்பொருளில் நாம் பழகுவது பொத்தான்கள் இருக்கும் இடத்தை மட்டுமே. சுருதி பிசகியதை உணரும் செவியும், எந்த இடத்தில் வெட்டினால் தாளம் கெடாது என்னும் தெளிவும் எந்தப் பதிப்போடும் போய்விடுவதில்லை. இழந்தது விரைவு, கலை அன்று. விரைவு சில வாரங்களில் திரும்பிவிடும்.

ஆலத்தி எடுப்போருக்கும் ஒரு சொல். புதியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பாதியில் நிற்கும் பணியை வைத்துக்கொண்டு பதிப்பை மாற்றுதல், ஆற்றின் நடுவே பரிசல் மாறுவதற்கு ஒப்பாகும். கையிலுள்ள பணி முடியட்டும். படி ஒன்று எடுத்து வைக்கட்டும். பிறகு சிறு பணி ஒன்றில் புதியதைப் பழகட்டும். இதுவே முறை.

இனி முன்னே எழுப்பிய கேள்விக்கு வருவோம். தமிழ்த்துறை மாணவர் ஒருவர் சிற்றூருக்குச் சென்று, மூதாட்டி ஒருவர் பாடும் ஒப்பாரியைப் பதிவு செய்து வருகிறார் என்று கொள்வோம். அதை மென்பொருளின் பணிக்கோப்பாக மட்டும் சேமித்து வைக்கிறார். பத்தாண்டுகளில் மென்பொருள் எத்தனை முறை மாறும்? அதன் உரிமை யார் கையில் இருக்கும்? அந்தக் கோப்பைத் திறக்க அன்று வழி இருக்குமா? மென்பொருளுக்கு அடுத்த பதிப்பு வரும். அந்த மூதாட்டியின் குரலுக்கு அடுத்த பதிப்பு வராது. இங்கேதான் நம் கவலை இருக்க வேண்டும்.

இதற்கு மருந்து எளிது, செலவும் அற்பம். மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்மும் 1991இல் வகுத்த 'வேவ்' என்னும் கோப்பு முறை, முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஏறக்குறைய எல்லா ஒலிப்பதிவு மென்பொருள்களாலும் திறக்கப்படுகிறது. குறுந்தட்டின் தரத்தில் ஒற்றைத் தடமாக ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 318 மெகாபைட்டே ஆகும். 32 ஜிகாபைட்டு விரலி ஒன்றில் ஏறக்குறைய 100 மணி நேரம் அடங்கும். எனவே மூலப்பதிவை வேவ் கோப்பாகத் தனியே வைத்தல் வேண்டும். பல தடங்கள் உள்ள பாட்டாயின் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கம் முதல் முழு நீளத்திற்குத் தனித்தனிக் கோப்பாக்க வேண்டும்; எந்த மென்பொருளில் கொண்டுபோய் அடுக்கினாலும் அவை பிசகாமல் பொருந்தும். பாடியவர் பெயர், ஊர், நாள், சுருதி, பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும். இப்படிகள் ஒரே இடத்தில் இராமல், நம் கல்லூரி நூலகத்திலும் ஒன்று இருக்குமாறு இசை மன்றமும் தமிழ்த்துறையும் ஒரு விதி செய்தல் நலம் என்பது என் கருத்து. ஏடுகளைப் படியெடுத்துக் காத்த நாட்டில் இது பெரிய காரியமன்று.

மென்பொருள் செய்வோருக்கும் கடமை உண்டு. பழைய கோப்பைத் திறக்கும் வழியை அடைத்துவிட்டுப் புதிய மாளிகை எழுப்புதல் அறமாகாது. 3.0 பதிப்பு அந்த வழியைத் திறந்து வைத்தது பாராட்டுக்குரியது. பயன்படுத்துவோர் வாய்மூடி இருக்க வேண்டியதுமில்லை. ஆடாசிட்டியை 2021இல் மியூஸ் குழுமம் ஏற்றுக்கொண்ட பின், பயன்பாட்டு விவரங்களைத் திரட்டும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பயனாளர் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பவே அத்திட்டம் கைவிடப்பட்டது. கேட்பாருக்குச் செவி கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

மாணவ நண்பர்களே! புதிய பதிப்பை அஞ்சவும் வேண்டாம். அதன் அடியில் விழவும் வேண்டாம். கையைப் புதியதற்குப் பழக்குவோம். செவியை என்றும் போல் கூர்மையாக வைப்போம். நாம் பதிந்த குரல்களை மட்டும் எந்தப் பதிப்பின் தயவிலும் விட்டுவைக்காமல், நாமே காப்போம்.