பிப்ரவரி 14: தடை போட்டால் போதுமா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் ஓசூர் ரோஜாவின் விலை ஏறுகிறது. நகைக்கடையிலிருந்து செல்போன் கடை வரை 'காதலர் தினச் சலுகை' பலகைகள் தொங்குகின்றன. இன்னொரு பக்கம், கலாச்சாரக் காவலர்கள் என்று சொல்லிக்கொண்டு பூங்காக்களில் ஜோடிகளை மிரட்டும் கூட்டமும் கிளம்புகிறது. இதையெல்லாம் பார்க்கும் நம் பிள்ளைகள், "இதில் என்ன தப்பு?" என்று கேட்கிறார்கள். "ஹராம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் பேச்சை முடித்துவிடுகிறோம்.

முதலில் அந்த நாளின் வரலாற்றைப் பார்ப்போம். ரோமப் பேரரசில் கொல்லப்பட்ட வாலண்டைன் என்ற பெயருடைய கிறிஸ்தவர்கள் ஒருவருக்கு மேற்பட்டவர்கள். மன்னரின் தடையை மீறி ரகசியமாகத் திருமணம் செய்துவைத்தார் என்ற கதை பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையே 1969ல் தனது பொது நாட்காட்டியிலிருந்து இந்நாளை நீக்கிவிட்டது. காதலையும் இந்த நாளையும் முதலில் இணைத்தவர் 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பறவைகள் இணை தேடும் நாளாக அவர் அதைப் பாடினார்.

அதன் பிறகு வியாபாரம் நுழைந்தது. 1840ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி வந்ததும் வாழ்த்து அட்டைகள் குவிந்தன. ஜப்பானில் அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். அது போதாதென்று, ஆண்கள் பதிலுக்குக் கொடுக்க மார்ச் 14ஐ 'வெள்ளை நாள்' ஆக்கியது அங்குள்ள மிட்டாய்த் தொழில்துறை. தென்கொரியாவில் ஏப்ரல் 14ம் உண்டு. எந்தப் பரிசும் கிடைக்காதவர்கள் அன்று கருப்பு நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள்!

தடைகள் இதை நிறுத்தினவா? சவூதியில் ஒரு காலத்தில் மார்க்கக் காவலர்கள் கடைகளில் சிவப்பு ரோஜாக்களைத் தேடிப் பறிமுதல் செய்தார்கள். இன்று அங்கே அவை வெளிப்படையாக விற்கப்படுகின்றன. பாகிஸ்தானில் 2017ல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் பொது இடங்களில் கொண்டாடத் தடை விதித்தது. நம் நாட்டில் 2023ல் 'பசுவைக் கட்டிப்பிடியுங்கள்' என்று விலங்குகள் நல வாரியம் விடுத்த வேண்டுகோள், கேலிக்கு ஆளாகி நான்கே நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

இந்த நாளை நாம் ஏற்கவில்லை என்பதற்காக, தடி எடுத்தவர்களோடு நாம் நிற்க முடியாது. அதே கூட்டம்தான் 'லவ் ஜிஹாத்' என்ற பெயரில் நம் இளைஞர்களையும் துரத்துகிறது. சட்டத்தைக் கையில் எடுப்பவனுக்கு இன்று கைதட்டினால், நாளை அவன் நம் வாசலில் நிற்பான்.

நம் வேலை வீட்டுக்குள் இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே அன்பையும் கருணையையும் வைத்ததைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் கூறுகிறான். அன்பை மார்க்கம் மறுக்கவில்லை. அதற்கு நிகாஹ் என்ற பொறுப்பான வாசலை வைத்திருக்கிறது. அந்த வாசலை அடைப்பது யார்? தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ரத்து செய்தார்கள். நம்மில் எத்தனை வீடுகளில் மகளின் சம்மதம் மனப்பூர்வமாகக் கேட்கப்படுகிறது? மஹரைப் பெயருக்கு எழுதிவிட்டு, நகையும் வாகனமும் பேரம் பேசி வாங்குகிறோம். கைக்கூலி கொடுக்க வழியின்றி நிகாஹ் தள்ளிப்போகும் வீட்டுப் பிள்ளையிடம் ரோஜா வாங்காதே என்று மட்டும் சொன்னால் அது எடுபடுமா?

பிப்ரவரி 14 அன்று மட்டும் பிள்ளைகளைக் கண்காணிப்பதால் பயனில்லை. மனதில் இருப்பதை அச்சமின்றி உம்மாவிடமும் வாப்பாவிடமும் சொல்லும் சூழல் ஆண்டு முழுவதும் வீட்டில் இருக்க வேண்டும். நிகாஹை எளிதாக்குவோம், மற்றவை தானாக எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.