டிரெய்லர் விளக்கு: பழுது பல்பில் அல்ல

கரும்பு வெட்டும் பருவத்தில், பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர்கள் இரவில் சாலையில் செல்வது வழக்கமாகிவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு கண்ணில் படுவதில்லை.

விளக்கு எரியாவிட்டால் உடனே பல்பை மாற்றுகிறார்கள். பல சமயம் இது வீண் செலவே. கோளாறு பெரும்பாலும் எர்த் இணைப்பில் இருக்கும். பல டிரெய்லர்களில் எர்த்துக்கென்று ஒயரே கிடையாது. இழுவைக் கொக்கியே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். துருவும் கிரீசும் படிந்த கொக்கி வழியே 12 வோல்ட் மின்சாரம் ஒழுங்காகத் திரும்பாது. பிரேக்கை மிதித்ததும் பின்விளக்கு மங்கினாலோ, இண்டிகேட்டர் லேசாக மினுக்கினாலோ எர்த்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். டிராக்டர் சேசிஸிலிருந்து ஒரு ஒயரை டிரெய்லர் விளக்கின் எர்த் முனைக்குத் தொட்டுப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால், பிளக் வழியாகவே தனி எர்த் ஒயர் கொண்டுசெல்வது நல்லது. இணைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட வேண்டும். டயருக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் சில மீட்டர் ஒயருக்குத் தயங்குவது ஏற்கத்தக்கதல்ல.

பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றக் கூடாது. ஒயர் சூடேறி உருகினால் ஏற்றியிருக்கும் வைக்கோல் பற்றிக்கொள்ளும்.

சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டினால் போதும் என்பதும் சரியல்ல. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் அது ஒளிரும். கரும்புத் தோகை தொங்கினால் அதுவும் மறைந்துவிடும்.