எடின்பரோவின் 13, வேலூரின் 9

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டறிய உலகமெங்கும் புழங்கும் கேள்வித்தாள் ஸ்காட்லாந்தில் பிறந்தது. காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற மூவர் 1987இல் வெளியிட்ட ‘எடின்பரோ அளவுகோல்’ அது. பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13ஓ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று வைத்தார்கள். கிராம சுகாதார செவிலியரான எனக்கு அந்தத் தாள்மேல் பெரிய மரியாதை உண்டு. பச்சை உடம்புக்காரியிடம் குழந்தையின் எடையை மட்டுமல்ல, அவள் மனசையும் விசாரிக்க வேண்டும் என்பதை வழக்கமாக்கியது அதுதான். ஆனால், நான் போன பயிற்சி வகுப்பில் அதே 13ஐ இங்கேயும் எல்லைக்கோடாகச் சொல்லித் தந்தார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ் வடிவத்தை நம் தாய்மார்களிடம் சோதித்து, மனநல நேர்காணலோடு ஒப்பிட்ட வேலூர் ஆய்வு 2005இலேயே வந்துவிட்டது. கோடு 8க்கும் 9க்கும் நடுவே விழுந்தது. 9 முதல் 12 வரை வாங்கும் ஒரு தாயை, 13ஐ நம்பி ‘நல்லாத்தான் இருக்காங்க’ என்று நாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கோட்டை இறக்கினால் நலமாக இருப்பவர்களையும் வீணாக அலைக்கழிப்போமே என்பார்கள். அந்த ஆய்வில், நலமாக இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை இந்தக் கோடு சரியாகவே விலக்கிவிட்டது.

கோடு ஏன் இறங்குகிறது? நான் பார்த்தவரை, கேட்கும் இடம்தான் முதல் காரணம். தாயே தனியாக உட்கார்ந்து நிரப்புவதற்காக எழுதப்பட்ட தாள் அது. எங்கள் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். வராந்தாவில் குழந்தைகள் வீறிட்டு அழும். மாமியார் துணிப்பையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார். “காரணமில்லாம பயம், பதற்றம் வருதாம்மா?” என்று வாசிப்பேன். அந்தப் பெண் முதலில் மாமியார் முகத்தைப் பார்ப்பாள். “அவளுக்கென்னம்மா குறை, தாங்கித்தானே வெச்சிருக்கோம்” என்று பதில் அங்கிருந்து வரும். தாளில் விழுவது பூஜ்யம்.

அதே பெண்ணை எடை பார்க்கும் சாக்கில் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினால், “தலை பாரமாவே இருக்குக்கா, நெஞ்சு படபடங்குது, பாலே சரியா ஊறல” என்று ஆரம்பிப்பாள். எடின்பரோ தாளில் தலைபாரத்துக்கு இடமில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அசதியும் வலியும் இயல்பு, அவற்றை நோயாக எண்ணிவிடக் கூடாது என்று உடல் உபாதைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். நியாயமான முடிவுதான். ஆனால், மனசின் பாரத்தை உடம்பு வழியாகவே சொல்லிப் பழகியவளுக்கு அதனால் மதிப்பெண் குறைந்துபோகிறது. 2002இல் வெளியான இன்னொரு ஆய்வு, வேலூர்ப் பக்கத்துக் கிராமத் தாய்மார்களைப் பார்த்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல் ஆகியவற்றை மனச்சோர்வோடு சேர்ந்து வருபவையாக அது கண்டது. இவற்றையெல்லாம் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் சொல்வாள்?

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் உடனிருந்தவர்களும் வேறு வழியில் போனார்கள். ஷோனா மக்கள் தம் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டு, அதிலிருந்து 14 கேள்விகளை 1997இல் உருவாக்கினார்கள். பின்னாளில் ஹராரே மருத்துவ நிலையங்களின் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் பாட்டிமார்களின் திட்டத்தில் அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

நாம் புதிதாக எழுத வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. படிவத்தில் 9 என்று அச்சிடுங்கள். தாயோடு தனியாகப் பேசக் கதவுள்ள ஓர் அறையும் பத்து நிமிடமும் கொடுங்கள். உடம்பை விசாரித்துவிட்டு மனசுக்கு வர எங்களை விடுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்விக்கு மட்டும் எந்த ஊர்க் கோடும் வேண்டாம். ‘எப்பவாவது’ என்று அவள் சொன்னாலே, மொத்தம் 4தான் வந்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவர் அவளைப் பார்க்க வேண்டும்.