கூரை போட்டவன் கையில் சாவியா?

ஓர் ஊரில் தீப்பிடித்து ஒரு தெருவே எரிந்து போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அவ்வூரில் வீடு எரியாத பணக்காரர் ஒருவர் முன்வந்து, “கீற்றும் மூங்கிலும் வாங்க நான் பணம் தருகிறேன். ஆனால் அவைகளை என் கடையிலேயே வாங்கவேண்டும், என் வண்டியிலேயே ஏற்றவேண்டும், கூரை போட்டு முடிந்த பிறகு சாவியும் என்னிடமே இருக்கவேண்டும்” என்று சொன்னால், அதற்கு நம் ஜனங்கள் தர்மம் என்று பெயர் வைப்பார்களா? வட்டிக்கடை என்றுதான் பெயர் வைப்பார்கள். ஆனால் இதே காரியம் தேசத்திற்கும் தேசத்திற்கும் நடக்கிறபோது மாத்திரம் அதற்குப் “புனர்நிர்மாணம்” என்றும், “சர்வதேச ஒத்துழைப்பு” என்றும் பெரிய பெரிய பெயர்கள் கொடுக்கப்பட்டு விடுகின்றன. இரண்டாவது உலக யுத்தத்தின் சாம்பல் மேல் நடந்த பேரங்களைச் சற்றுப் பொறுமையோடு கவனித்தால் இப்பெயர்களின் யோக்கியதை தானாகவே வெளியாகிவிடும்.

முதலாவதாக, 1943 நவம்பரில் 44 தேசங்கள் கூடி “அன்ரா” என்ற நிவாரண ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. எதிரிப்படை நுழையாத தேசங்கள் தங்கள் வருஷ வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று கொடுப்பதென்றும், அதன் சபையில் தேசத்திற்கு ஒரு வோட்டு என்றும் ஏற்பாடு. இது ஓரளவு நியாயமான ஏற்பாடென்றே சொல்லலாம். ஆனால் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் பணம் கொடுத்த அமெரிக்கா, தன் கோதுமை போலந்துக்கும் யுகோஸ்லாவியாவுக்கும் போய்ச் சேருவதைச் சகிக்கவில்லை. 1947 மத்தியில் ஐரோப்பாவில் அந்த ஸ்தாபனத்தின் கதவு மூடப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, அமெரிக்க அயல்நாட்டு இலாகாவின் உதவி மந்திரி கிளேட்டன் என்பவர், இன்னொரு “அன்ரா” நமக்கு வேண்டாம், இக்காரியத்தை அமெரிக்காவே நடத்தவேண்டும் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்துவிட்டார். அதே வருஷம் ஜூன் 5ந் தேதி மார்ஷல் திட்டம் பிரஸ்தாபிக்கப்பட்டது. 1948 முதல் சுமார் 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போயிற்று. அப்பணத்தால் பசித்தவர்களுக்கு ரொட்டி கிடைத்தது, நின்றுபோன ஆலைகள் ஓடின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பலில் ஏறவேண்டும்; சரக்கை விற்று வந்த உள்நாட்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, அமெரிக்காவின் சம்மதத்தின் பேரில்தான் செலவழிக்கவேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே போயின. நாம் மேலே சொன்ன வண்டியும் சாவியும் இவைகளேயல்லவா?

நிற்க, 1944 ஜூலையில் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரின் ஓட்டலொன்றில் 44 தேசத்துப் பிரதிநிதிகள் 22 நாள் உட்கார்ந்து உலக பாங்கியையும், சர்வதேச நாணய நிதியையும் சிருஷ்டித்தார்கள். அங்கே செய்யப்பட்ட வோட்டுக் கணக்கைப் பாருங்கள். தேசத்திற்குப் பொதுவாக 250 வோட்டு. அதற்குமேல் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் ஒரு வோட்டு. இதன்படி நாணய நிதியில் 275 கோடி டாலர் பங்குடைய அமெரிக்காவுக்கு 27,750 வோட்டு. 40 கோடி டாலர் பங்குடைய இந்தியாவுக்கு 4,250 வோட்டு. அன்று ஜனத்தொகையில் இந்தியா அமெரிக்காவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! மனிதனை எண்ணாமல் டாலரை எண்ணினால் வேறு என்ன கிடைக்கும்?

கடன் கொடுத்த தேசமும் சுமையில் பங்கேற்க வேண்டும் என்று இங்கிலாந்தின் கெயின்ஸ் சொன்ன யோசனை தள்ளப்பட்டது. ஆனால் அந்தக் கெயின்ஸின் இங்கிலாந்து தன் கடன்காரனிடம் எப்படி நடந்துகொண்டது? யுத்தத்திற்காக இந்தியாவிடம் சரக்கும் சேவையும் வாங்கிக்கொண்டு பணம் கொடாமல் லண்டனில் பற்று எழுதிவைத்தது. யுத்தம் முடிந்தபோது அந்தப் பாக்கி 100 கோடிப் பவுனுக்கு மேல். 1943ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தபோதும் ஏறிக்கொண்டே இருந்த பாக்கி இது! பிரெட்டன் உட்ஸுக்கு இந்தியாவின் பேரால் போன கூட்டத்திற்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரர். நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதில் ஒருவர். இப்பாக்கியின் ஒரு பாகத்தையாவது நிதியின் மூலம் மற்ற நாணயங்களாக மாற்றித்தர வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். பாங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் வாடகை வண்டிக்குக் கையில் காசில்லாதவன் நிலைமையில் எங்களை வைக்கிறீர்கள் என்று ஏ.டி. ஷிராப் சொல்லிக்காட்டினார். இது எங்கள் இருவருக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் என்று இங்கிலாந்து தட்டிக் கழித்துவிட்டது.

உலக பாங்கியின் முதல் கடன் பிரான்சுக்கு. 50 கோடி டாலர் கேட்டது. 25 கோடி கிடைத்தது. 1947 மே 5ந் தேதி கம்யூனிஸ்டு மந்திரிகள் விலக்கப்பட்டார்கள். 9ந் தேதி கடன் பத்திரம் கையெழுத்தாயிற்று. மந்திரிகள் போனது ரெனோ மோட்டார்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தினால் ஏற்பட்ட தகராறில் என்றார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் நாலு நாள் இடைவெளியைக் கண்டு ஜனங்கள் சந்தேகப்பட்டால் அது ஜனங்களின் குற்றமா?

இதனால் ரஷியா யோக்கியன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தன் வசமிருந்த ஜெர்மன் பாகத்தில் ஆலைகளையும் தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. மார்ஷல் திட்ட மகாநாட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்ட செக்கோஸ்லோவாகியாவை, மாஸ்கோவுக்குக் கூப்பிட்டு மூன்றே நாளில் மறுக்கச் செய்தது. ஒருவன் பணம் கொடுத்துச் சாவி கேட்டான். மற்றவன் பணம் கொடாமலே சாவியை எடுத்துக்கொண்டான்.

“பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்கக் கூடாதா?” என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கேட்கட்டும். செங்கல் வாங்கினாயா, காண்டிராக்டர் தின்றுவிட்டானா என்று கேட்பது கணக்கு. உன் மந்திரி யார், உன் தெருவுக்கு யார் வரலாம் என்று கேட்பது ஆதிக்கம். முன்னது வீட்டுக்காரனுக்கும் நல்லது. பின்னது அவனைத் தன் வீட்டிலேயே குடிக்கூலிக்காரனாக்கிவிடும்.

இது பழங்கதையல்ல. இன்றும் நாணய நிதியில் முக்கியமான தீர்மானங்களுக்கு நூற்றுக்கு 85 வோட்டு வேண்டும். அமெரிக்காவிடம் மாத்திரம் 16க்கு மேல் இருப்பதால், அது தலையசைக்காமல் ஒன்றும் நடவாது. உலக பாங்கிக்கு நியமிக்கப்பட்ட தலைவர்கள் யாவரும் அமெரிக்கப் பிரஜைகள். நாணய நிதிக்கோ எல்லோரும் ஐரோப்பியர்கள். 2025 ஏப்ரல் 30ந் தேதி, யுத்தம் ஓயுமுன்பே, உக்ரேனின் புனர்நிர்மாண நிதிக்காக அமெரிக்காவுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், அத்தேசத்துப் பூமிக்கடியிலுள்ள கனிப்பொருள்களின் புது லைசென்சு வருமானத்தில் பாதி சேர்க்கப்பட்டிருக்கிறது. காசாவை யார் கட்டுவது என்று பேசுகிறவர்களும், அங்கே வீடிழந்தவனை முன்னால் உட்காரவைத்தா பேசுகிறார்கள்?

தோழர்களே! இவை யாவும் தலைவிதியல்ல; மனிதர்கள் ஓர் ஓட்டலில் 22 நாள் உட்கார்ந்து எழுதிய விதிகள். மனிதர் எழுதினதை மனிதர் திருத்தலாம். ஆகவே, இனி எங்கே எவர் புனர்நிர்மாணம் என்று பேசினாலும், எத்தனை கோடி என்று வாய்பிளந்து கேட்பதற்கு முன், வோட்டு எப்படி எண்ணப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அவ்விரண்டிற்கும் நேரான பதில் வராவிட்டால், அது எவ்வளவு பெரிய தொகையானாலும் வட்டிக்கடைதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.